மார்ல்ஹர்ஸ்டில் ஒரு வாக்குக் குறைந்த கதை

சித்திரைத் திருநாள் மேடைக்குத் தலைமை ஏற்று, நான் என்ன பேசித் தொலைப்பேனோ என்ற தவிப்பைச் சிரிப்பால் மறைத்திருக்கும் தமிழ்ச் சங்கத் தலைவர், தகைமையாளர் அப்துல் கனி அவர்களே! கையில் கடிகாரமும் கண்ணில் கண்டிப்புமாக எனக்கருகே காவல் நிற்கும் செயலாளர் வேலுமணி அவர்களே! முன்வரிசையை முறுவலால் நிறைத்திருக்கும் மருத்துவர் வெங்கடகிருஷ்ணன் அவர்களே! மான்மவுத் ஜங்ஷனிலிருந்து மழையில் வண்டி ஓட்டி வந்திருக்கும் மதிப்பிற்குரிய பெரியவர்களே! விடியுமுன் வடை சுட்டு, வேட்டி தேடிக் கொடுத்து, பிள்ளைகளுக்குச் சடை பின்னி, இந்த அந்தோனிப்பிள்ளை எப்போது முடிப்பான், எப்போது சோறு போடலாம் என்று காத்திருக்கும் என் தாய்மார்களே! பின்வரிசையில் நின்றபடி உணவுத் தட்டுகளை மட்டும் உற்று நோக்கும் உடன்பிறப்புகளே! உங்கள் அனைவருக்கும் என் புத்தாண்டு வணக்கம்!

மேடை ஏறுமுன் தலைவர் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு வார்த்தை சொன்னார். "அண்ணே, நம்ம சங்கம் நான்-பிராஃபிட். யாருக்கும் ஓட்டு கேட்டுடாதீங்க. ஸ்கூல் எலெக்ஷன் பத்தி வாயே திறக்காதீங்க!"

கேட்பேனா? கேட்க மாட்டேன்! வரும் செவ்வாய்க்கிழமை நம் ஊர்ப் பள்ளி வாரியத் தேர்தலில் நம்மவர் ஒருவர் நிற்கிறார் என்று சொல்வேனா? சொல்ல மாட்டேன்! அவர் பெயரைச் சொல்ல மாட்டேன். அவர் மருந்தாளர் என்று சொல்ல மாட்டேன். அவர் வீட்டு முகவரியும் நம் தலைவர் வீட்டு முகவரியும் ஒன்றுதான் என்பதை உயிரே போனாலும் சொல்ல மாட்டேன்!

சிரிக்காதீர்கள், தலைவர் வேர்க்கிறார். ஐயா, அமருங்கள். நான் இன்று பேசப் போவது இங்கிலாந்தைப் பற்றி. அங்கே மார்ல்ஹர்ஸ்ட் என்ற மாவட்ட மன்றத்தின் தேர்தல் வரலாறு பற்றி. அதைத் தடுக்க எந்தச் சட்டத்திலும் இடமில்லை!

இந்த நாட்டுக்கு வருமுன் ஏழு ஆண்டுகள் நான் வாழ்ந்த ஊர் அது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்கில் அந்த மன்றம் பிறந்தது. கட்சிகளின் பெயர் வேண்டாம், தலைவர் பதறுவார், நிறத்தைச் சொல்கிறேன். பிறந்த நாள் முதல் இருபது ஆண்டுகள் அங்கே நீலத்தின் ஆட்சி. நீலத்தை எதிர்த்து நிற்கப் பல தொகுதிகளில் ஆளே இல்லை! போட்டியில்லாத வெற்றி, கேள்வியில்லாத ஆட்சி! தொண்ணூறுகளின் நடுவில் மஞ்சள் முளைத்தது, சிவப்பு கை கொடுத்தது, நீலம் சரிந்தது. பிறகு நீலம் நிமிர்ந்தது. இரண்டாயிரத்து இரண்டில் யாருக்கும் பெரும்பான்மை இல்லை என்ற நிலை வந்தது.

அந்தத் தேர்தல் வேளையில்தான் நீலத்தார் ஒன்று சொன்னார்கள். எங்கள் மில் லேன் தொகுதியில் இருந்த சமூக மண்டபத்தை விற்கப் போகிறோம் என்றார்கள். எந்த மண்டபம்? எங்கள் பிள்ளைகள் தமிழ் படித்த மண்டபம்! வெள்ளைக்காரக் கிழவர்கள் வியாழன்தோறும் சீட்டாடிய மண்டபம்! பெட்ரோல் நிலையத்தில் இரவெல்லாம் நின்றவனும் மருத்துவமனையில் பகலெல்லாம் நடந்தவளும் தங்கள் திருமணத்துக்கு மாலை மாற்றிய மண்டபம்!

விட்டோமா? விடவில்லை! காமன்வெல்த் என்னும் பொதுநலவாய நாட்டவன் என்றால் அங்கே வந்திறங்கி வசிக்கத் தொடங்கியதும் உள்ளூர்த் தேர்தலில் வாக்கு உண்டு. குடியுரிமை வேண்டாம், காத்திருப்பு வேண்டாம். இலங்கைக் கடவுச்சீட்டை வைத்துக்கொண்டு இங்கிலாந்தில் வாக்களித்தோம்! பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போனோம். தள்ளுவண்டியில் குழந்தையைத் தள்ளிக்கொண்டு போனோம். மண்டபத்தைக் காப்பேன் என்றவர் வென்றார். அன்று மில் லேனில் தேர்த் திருவிழா!

இனிதான் கதை. அங்கே ஒரு தொகுதிக்கு மூன்று உறுப்பினர்கள். மூவரையும் ஒரே நாளில் தேர்ந்தெடுப்பதில்லை. இந்த வருடம் ஒருவர், அடுத்த வருடம் ஒருவர், அதற்கடுத்த வருடம் இன்னொருவர். ஆகவே இரண்டாயிரத்து மூன்றில் மறுபடியும் தேர்தல். இம்முறை நீலத்தை எதிர்த்து மண்டபத்துக்காக நின்றவர் மிசஸ் பிரிச்சர்ட் என்ற ஓய்வுபெற்ற மருத்துவமனைத் தாதி. மற்றத் தொகுதிகளெல்லாம் சமமாகப் பிரிந்துவிட, மில் லேனை வெல்பவருக்கே மன்றம் என்ற நிலை.

அன்று மாலை வாக்களித்துவிட்டு வெளியே வந்து பார்க்கிறேன், எங்கள் ஆட்களைக் காணோம்! பட்டுச்சேலை எங்கே? தள்ளுவண்டி எங்கே? என் மனைவி வசந்தமலரின் தம்பி நிருஜன் அதே தெருவில்தான் இருந்தான். நான்கு வாக்குள்ள வீடு. தொலைபேசியில் கூப்பிட்டேன். அவன் சொன்னதை அவன் குரலிலேயே சொல்கிறேன், கேளுங்கள்.

"அத்தான், போன வருசம்தானே நாங்கள் போட்டனாங்கள்? திருப்பியும் போனா கள்ள வோட்டெண்டு பிடிச்சுப் போடுவாங்கள்! பிறகு விசாவிலயெல்லோ கை வைப்பாங்கள்!"

"மச்சான், அது ஒரு ஆளுக்கு, இது வேற ஆளுக்கு. கெதியா வாடாப்பா!"

"வடிவாக் கேட்டுப்போட்டு வாறன் அத்தான். இப்ப அடுப்பில கோழி கிடக்குது."

கோழி வெந்தது. வாக்குச்சாவடி மூடியது.

சிரியுங்கள், நானும் பல நாள் சிரித்திருக்கிறேன். கள்ள வாக்குக்கு அஞ்சிய ஒரு நல்ல மனிதன், நல்ல வாக்கையும் போடாமல் இருந்துவிட்டான்! அவன் மட்டுமா? அந்தத் தெருவில் பல வீடுகளில் இதே பேச்சு, இதே பயம், இதே "போன வருசம்தானே"!

எண்ணினார்கள். இருவருக்கும் சமமான வாக்கு! மறுபடி எண்ணினார்கள். சமம்! சமமானால் சீட்டுக் குலுக்க வேண்டும், அது அந்நாட்டுச் சட்டம். அதிகாரி இரண்டு காகிதங்களை மடித்து ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டார். கையை விட்டார். மிசஸ் பிரிச்சர்ட் தன் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். ஒரு காகிதம் வெளியே வந்தது.

நீலம்!

ஒரே உறுப்பினர் பெரும்பான்மையில் மன்றம் அவர்கள் கைக்குப் போனது. ஒரே வாக்கு வித்தியாசத்தில் மண்டபம் விற்கப்பட்டது. மறு வருடம் அந்த இடத்தில் கார்கள் நின்றன. எங்கள் பிள்ளைகளின் தமிழ் வகுப்பு ஒரு வீட்டுச் சமையலறைக்குப் போனது, கொஞ்ச நாளில் அதுவும் நின்றது. நான் புறப்படுமுன் நிருஜன் என்னை அந்தக் கார் நிறுத்தும் இடத்துக்கு அழைத்துப் போனான். வரிசையாக நின்ற கார்களைக் காட்டினான். பிறகு சொன்னான்: "அத்தான், அந்தக் கிண்ணத்துக்குள்ள கை விட்டது அந்த ஒஃபிஸர் இல்லை. நான்தான்."

மார்ல்ஹர்ஸ்ட் வரலாறு முடிந்தது. என்ன வேலுமணி, மணி அடிக்கப் போகிறீர்களா? இரண்டே நிமிடம்!

போன வாரம் மளிகைக் கடையில் நம் பசுபதியைப் பார்த்தேன். கோபிக்கக் கூடாது பசுபதி! செவ்வாய்க்கிழமையை நினைவுபடுத்தினேன். "நவம்பர்லயே ஓட்டு போட்டாச்சே சார்! லைன்ல நின்னு, ஸ்டிக்கர் ஒட்டி, ஃபோட்டோகூட எடுத்தேனே! மறுபடியும் எலெக்ஷனா? யாரு ரிசைன் பண்ணா?" என்றார்.

ஐயோ என் பசுபதி! நிருஜன் அங்கே சொன்னதற்கும் நீர் இங்கே சொன்னதற்கும் நடுவில் ஒரு பெருங்கடல் கிடக்கிறது, ஆனால் பேச்சு ஒன்றுதானே! நவம்பரில் நீங்கள் தேர்ந்தெடுத்தவர் வாஷிங்டனில் இருக்கிறார். நம் ஊரில் எந்தத் தெருவுக்குப் பள்ளிப் பேருந்து வரும், எதற்கு வராது என்று அவரா முடிவு செய்வார்? பள்ளிக்கு அருகில் இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு இனிப் பேருந்து இல்லை என்று சொல்கிறார்களே, அது செவ்வாயன்று வெல்பவர்கள் கையில் இருக்கிறது! அருகில்தான், அரை மைல்தான். ஆனால் அந்தச் சாலையில் நடைபாதை உண்டா? பனி குவிந்த ஜனவரியில், லாரிகள் பறக்கும் காலை வேளையில், புத்தகப் பை சுமந்த பிஞ்சுகள் எங்கே நடக்கும்?

அந்தக் குடியிருப்பில் யார் இருக்கிறார்கள்? நேற்று வந்தவர்கள். எச்-ஒன் வேலை விசாக்காரர்கள். பிள்ளை உண்டு, வரி உண்டு, வாக்கு இல்லை! வாக்கு யாருக்கு உண்டு? பச்சை அட்டைக்குக் காத்து, பிறகு குடியுரிமைக்குக் காத்து, நீதிபதி முன் கை உயர்த்தி, சொந்த வீடு வாங்கிப் போன உங்களுக்கு! உங்கள் வீட்டு வாசலுக்குப் பேருந்து வரும். அதனால்தான் கேட்கிறேன். உங்களுக்குத் தேவையில்லாத ஒன்றுக்காக, தேவையுள்ளவர்கள் கேட்கிறோம்!

என்னம்மா? பின்னால் ஒரு சகோதரி ஏதோ கேட்கிறார். "நீங்க எத்தனை மணிக்குப் போடப் போறீங்க அங்கிள்?"

நல்ல கேள்வி. நான் போடப் போவதில்லை, தங்கையே. எனக்கு இங்கே வாக்கில்லை. கோட்டும் கழுத்துப்பட்டியும் பார்த்து மயங்கிவிடாதீர்கள், ஐந்து ஆண்டுகளாகப் பச்சை அட்டைக்குக் காத்திருப்பவன் நான். அந்தக் குடியிருப்பில் மூன்றாம் மாடி நான். இங்கிலாந்தில் இருந்த வாக்கு இங்கே இல்லாத மனிதன் நான். என் மகள் சயந்தினி மூன்றாம் வகுப்பு. "அப்பா, ஹூ வில் வாக் வித் மீ?" என்று கேட்கிறாள். அவள் பள்ளிக்குப் போகும் நேரத்தில் நான் ரயிலில் இருப்பேன். நெஞ்சு கொதிக்கிறது ஐயா, சொல்லாமல் இருக்க முடியவில்லை!

வாக்கில்லை, ஆனால் வண்டி இருக்கிறது! செவ்வாய் மாலை வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டேன். இரவு ஒன்பது மணிக்குச் சாவடி மூடும் வரை ஓட்டுவேன். களைப்பா? ஏறுங்கள்! அடுப்பில் கோழியா? அணைத்துவிட்டு ஏறுங்கள்! நவம்பரில் போட்டேன் என்பவர் முன் இருக்கையில் ஏறுங்கள்! யாருக்குப் போட வேண்டும் என்று வழியில் ஒரு சொல் கேட்க மாட்டேன். தலைவர் மீது ஆணை!

வருவீர்களா? வருகிறவர்கள் கையைத் தூக்குங்கள், பார்க்கிறேன்! முன்வரிசை, ஆகா! பெரியவர்கள், ஆகா! பசுபதி, இரண்டு கையுமா? ஒன்று போதும், இரண்டாவது கள்ள வாக்கு!

அதோ பாருங்கள், ஓரத்தில் என் மகளும் கையைத் தூக்கி நிற்கிறாள். இறக்கம்மா, உனக்கும் எனக்கும் இங்கே வாக்கில்லை. இறக்கம்மா. மாட்டாளாம், தலையை ஆட்டுகிறாள்.

அந்தக் கை இறங்காதிருக்கும்போதே நான் இறங்குகிறேன். பொறுத்துக் கேட்ட தலைவருக்கும், மணியடிக்காத செயலாளருக்கும், கை உயர்த்திய உங்களுக்கும் என் நன்றி. செவ்வாய் மாலை உங்கள் வாசலில் வண்டியோடு சந்திக்கிறேன். வணக்கம்!