ஆறு செமிகோலன்

வெற்றிலை போட்ட வாயோடு நான் இங்கிலீஷ் எழுதியதே கிடையாது, இன்ஸ்பெக்டர் ஐயா. கொப்பளித்துவிட்டுத்தான் பேனாவைத் தொடுவேன். தாலுகா கச்சேரி வாசலில் மனு எழுதிப் பிழைக்கிற நாலு பேரில் இந்தச் சுத்தம் உள்ளவன் குழந்தைசாமி ஒருவன்தான். யாரை வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள்.

ஒரு வாக்கியம் சரியாக அமைந்துவிட்டால் எனக்குத் தலைகால் புரியாது. நம் பாஷையில் ஒருவன் என்ன செய்தான் என்று தெரிய வாக்கியத்தின் வால்வரை காத்திருக்க வேண்டும். இங்கிலீஷில் அப்படியில்லை. ஆள் முதலில் வருவான், காரியம் அடுத்தது; இரண்டாவது சொல்லிலேயே கையும் களவுமாகப் பிடிபட்டுவிடுவான். கமா வைக்கும்போது எனக்கு உள்ளங்கால் கூசும். செமிகோலன் வைத்தேன் என்றால் அன்றைக்குச் சோறே வேண்டாம். சிரிக்காதீர்கள், உண்மையைத்தான் சொல்கிறேன்.

எங்கள் தொழில் வழக்கம் உங்களுக்குத் தெரியும். வந்தவர் தமிழில் சொல்வார். நான் இங்கிலீஷில் எழுதி, அதைத் தமிழில் படித்துக் காட்டுவேன். அவர் கைநாட்டு வைப்பார். எழுதியதும் படித்ததும் ஒன்றுதானா என்று இருபது வருஷத்தில் ஒருவரும் கேட்டதில்லை. அநேகமாக ஒன்றாகத்தான் இருக்கும்.

போன ஆவணியில் இலுப்பூர்ப் பக்கமிருந்து அழகி வந்தாள். பங்காளி ராக்கனைக் கிணற்றடியில் மண்வெட்டியால் அடித்துக் கொன்றதாக அவள் புருஷன் அடைக்கலத்துக்குத் தூக்குத் தீர்ப்பாகியிருந்தது. மேலிடத்துத் துரைக்குக் கருணை மனு போட ஒரே நாள்தான் பாக்கி.

"ராக்கன் செத்த அன்னைக்கு எங்க வீட்டுக்காரரு பொழுதுக்கும் ஒங்க முன்னாடிதானே ஐயா உக்காந்திருந்தாரு? கெணத்துத் தகராறுக்கு மனு எழுத வந்தவர, கமா சரியில்ல, திரும்ப எழுதுறேன்னு நீங்கதான் அங்கிட்டு இங்கிட்டு நகரவிடாம வச்சிருந்தீங்களாம். கோர்ட்டுல சொல்லிப் பாத்தாரு, யாரும் நம்பல. வக்கீலும் ஒங்கள சாட்சிக்குக் கூப்பிடல. அத மட்டும் எழுதி நீங்களும் ஒரு கையெழுத்துப் போட்டுருங்க. வேற ஒண்ணும் வேணாங்க" என்றாள்.

எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அன்று அவன் மனுவை மூன்று தடவை கிழித்து எழுதினேன். காலையில் வந்தவன் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் எழுந்து போனான். நடுவில் மடியிலிருந்த கடலையை உரித்து எனக்கும் கொடுத்தான். தங்கமான மனுஷன்.

ஆனால் அவள் கேட்டதைப் பாருங்கள். அன்று அவர் என்னோடு இருந்தார். இங்கிலீஷில் ஐந்தாறு சொல். பள்ளிக்கூடத்தில் முதல் பாரம் படிக்கிற பிள்ளை எழுதுகிற வாக்கியம். ஒரு கமாவுக்குக்கூட அதில் இடமில்லை. வெள்ளைக்காரத் துரையின் கைக்கு என் எழுத்து முதல்முதலாகப் போகிறது, அதில் இதையா எழுதுவது? வெட்கக்கேடு.

மன்னிப்புக் கேட்கிற மனு என்றால் அது வேறு ரகம். அதில் ஆத்திரம் வரும், அழுகை வரும், பெண்டாட்டி பிள்ளை வருவார்கள். அழகியே சொல்வதுபோல் ஆரம்பித்தேன். என் கணவர்தான் அடித்தார்; அடித்த கணமே தம் கையைத் தாமே வெறுத்தார்; இரத்தம் படிந்த மண்வெட்டியை நான்தான் கழுவினேன்; இப்படிப் போயிற்று. அடடா, பேனா என்னைக் கேட்கவே இல்லை. ஒரே வாக்கியம், பதினொரு வரி, ஆறு செமிகோலன். எழுதும்போது நான் சீட்டியடித்ததாகப் பக்கத்தில் மனு எழுதுகிற கண்ணுசாமி சொல்லியிருந்தால், அதுவும் நிஜம்தான்.

தமிழில் படித்துக் காட்டும்போது அவள் கேட்டதை அப்படியே சொன்னேன். அவள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"இது போதுங்க. நீங்க நல்லா இருக்கணும்" என்று சொல்லிக் கைநாட்டு வைத்தாள்.

பத்தாம் நாள் பதில் வந்தது. மனைவியே குற்றத்தை ஒப்புக்கொண்டபின் இரக்கம் காட்ட வழியில்லை என்று தள்ளிவிட்டார்கள். ஆனால் துரை அந்த மனுவை இரண்டு தடவை உரக்கப் படித்தாராம். எழுதியது யார் என்று விசாரித்தாராம். அங்கே வேலை பார்க்கிற டவாலிச் சேவகன் வந்து சொன்னான். சந்தோஷம் தாங்கவில்லை, ஐயா. அவனுக்கு அல்வா வாங்கிக் கொடுத்தேன். அடைக்கலத்தை அடுத்த வெள்ளிக்கிழமை தூக்கிலிட்டார்கள்.

அழகி மனுவின் நகலை இலுப்பூரில் சூசைராஜ் வாத்தியாரிடம் கொண்டுபோயிருக்கிறாள். அவர் வரிக்கு வரி தமிழில் சொல்லிவிட்டார். மறுநாள் என்னிடம் வந்தாள். கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். அவள் காகிதத்தை என் பலகையில் விரித்து வைத்தாள்.

"இதுல எந்த எடத்துலங்க அவரு ஒங்ககூட இருந்தாரு? வெரல வச்சுக் காட்டுங்க" என்றாள்.

நான் அவளுக்கு ஆறு செமிகோலனையும் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினேன். வேறு எதைக் காட்டுவது? அவள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு நேரே உங்களிடம் வந்துவிட்டாள்.

தெரிந்தே பொய் எழுதினாயா என்று கேட்கிறீர்கள். எழுத ஆரம்பித்தபோது தெரியும். அவன் கொல்லவில்லை என்பதற்கு இந்த உலகத்தில் இருந்த ஒரே சாட்சி நான்தான். ஆனால் நீங்களும் ஒரு தடவை அதை உரக்கப் படித்துப் பாருங்கள், ஐயா. கடைசி ஃபுல்ஸ்டாப்பை வைத்தபோது, அடைக்கலம்தான் ராக்கனைக் கொன்றான் என்று நானே நம்பிவிட்டேன்.