கல்யாணத்துக்குக் கொடுத்த சோப்பு

யுத்தத்தால் கடைகளில் சோப்பு கிடைக்காத சமயம். வேப்பம்பட்டில் ரயிலேறிய இரண்டு பெண்கள் எனக்கு எதிரே உட்கார்ந்தார்கள்.

“நீ காச்சிக் குட்த்த சோப்புதான்க்கா எம் பொண்ணத் தார வாத்துச்சு,” என்றாள் மூக்குத்தி போட்டவள்.

“இன்னாடி சொல்றே?”

“பட்டறை கிரீஸ் ஏறுன கைய சம்மந்தி முன்னாடி நீட்ட மாட்டேன்னுட்டாரு எங்க ஊட்டுக்காரரு. தம்பிய வாக்கச் சொன்னாரு. உன் சோப்பப் போட்டுத் தேச்சதும் கறையெல்லாம் பூட்ச்சு. அவரே தார வாத்தாரு. நீ நல்லா இருக்கணும்க்கா.”

மற்றவள் அவள் பக்கம் நெருங்கி உட்கார்ந்தாள். “சோப்பு நரநரன்னு இல்லியா?”

“அதான கறைய எடுத்துச்சு. இன்னா போட்டே?”

“பயத்தமாவுன்னு நெனச்சு மாட்டுக்கு வெச்ச தவிட்டக் கொட்டிட்டேன். உன் ஊட்டுக்காரருகிட்ட சொல்லிடாதடி.”

“சொல்ல மாட்டேன். சின்னவ கல்யாணத்துக்கும் அந்தத் தவிட்டையே கொட்டு.”