வேதத்தைத் திறந்து பார்த்தவர்

மதுரையிலிருந்து சோழவந்தான் போகும் காலை ரயிலில் எனக்கு எதிர்ப்பலகையில் ஒரு கிறிஸ்தவக் குடும்பம் உட்கார்ந்திருந்தது. புருஷன் ஜன்னலோரம் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். அவர் பெண்சாதி தன் நாத்தனாரிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"எத்தனை தடவை தொறந்தாலும் வம்ச வரலாறுதான் மதினி வருது."

"என்னத்தடி சொல்லுற?"

"சோழவந்தானுக்கு அங்கிட்டு ஒரு கிராமத்துச் சபைக்கு உபதேசியாராப் போகச் சொல்லி பாதிரி ஐயர் கேட்டாருல்ல. ஆண்டவர் சித்தம் தெரியணும்னு இவரு கண்ணை மூடி வேதத்தைத் தொறந்து விரலை வைக்கிறாரு. இன்னார் இன்னாரைப் பெத்தான்னே வருது. இன்னைக்கு ஐயருக்குப் பதில் சொல்லியாகணும்."

நானும் அப்படி விரல் வைத்துப் பார்க்கிறவன்தான். அதனால் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"புதிய ஏற்பாடு எந்த இடத்துல தொடங்குதுன்னு என் தம்பி விரலுக்கு நல்லாத் தெரியும்டி. அங்கனயே தொறந்தா வம்ச வரலாறை விட்டா வேற என்ன வரும்?"

"அதைத்தான் நானும் கேட்டேன். கொஞ்சம் தள்ளித் தொறந்தா என்னன்னேன். 'போ'ன்னு வந்துட்டா என்னடி பண்றதுங்கிறாரு."

நாத்தனார் சிரித்தாள். "அப்ப அவனுக்கு ஏற்கெனவே கேட்டிருச்சு."

வண்டி சோழவந்தானை நெருங்கியபோது புருஷன் கண்ணைத் திறந்தார். தூங்கின முகமாக இல்லை.

"அந்த ஊர்ல குடிக்கத் தண்ணி எங்க எடுக்குறாகளாம்?" என்று பெண்சாதியைக் கேட்டார்.

"போய்த்தான் பாக்கணும்," என்றாள் அவள்.