பிக்கப் வைத்திருப்பவரின் பஸ் பயணம்
1986 மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, டென்மார்க்கில் பிராண்டேயிலிருந்து ஹோர்சன்ஸ் செல்லும் பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு தமிழர்கள் இருந்தார்கள். மூத்தவர் சொன்னார்:

"பெரிய பிக்கப் வாங்கினபடியாத்தான் பஸ்ஸில திரியிறன்."

"ஏன் அண்ணை?" என்றார் இளையவர்.

"அந்தப் பாரத்துக்குக் கார் லைசென்ஸ் காணாதாம், பெரிசுக்கு இன்னும் தரேல்லை. டிரெயிலர் பூட்டி ஓடிக் காட்டவேணும். போன சோதினையில டிரெயிலரோட பின்னுக்கு எடுக்கச் சொன்னான் சோதினைக்காரன். நான் இறங்கி, வெறும் டிரெயிலரைக் கழட்டி, கையால திருப்பிப் பூட்டினன். ஊரில அப்பிடித்தானே செய்யிறனாங்கள்!"

"பெயிலாக்கியிருப்பானே!"

"ஓம், ரெண்டாந்தரம். ஒரு கீறல் விழுந்ததோ எண்டு கேட்டன். அவன் அடுத்த ஆளைக் கூப்பிட்டான்."

"வித்துப்போட்டு சின்னக் கார் ஒண்டு வாங்குங்கோவன்."

"விசர்க்கதை கதையாதை. பழுதான கார் இழுக்கிற வேலைக்குக் கராஜ்காரன் என்னைப் பாத்துக்கொண்டிருக்கிறான்."

"இண்டைக்குச் சோதினையிலயும் பெயிலெண்டால்?"

"நாலாந்தரத்துக்கும் நாள் எடுத்திட்டுத்தான் வாறன்."