ஹேமநாதன் சார் தந்த பதினேழு சான்றிதழ்கள்

அவைத்தலைவர் அண்ணன் தமிழ்வாணன் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் பெரியவர்களே, நாற்காலி கிடைத்தவர்களே, கிடைக்காமல் சுவரில் சாய்ந்து நிற்பவர்களே, படமாகிவிட்ட எங்கள் ஹேமநாதன் சாரின் அன்பு மகள் திவ்யா அவர்களே, வணக்கம்!

நான் பாரிவாக்கம் மாவு மில் அய்யாசாமி. படிப்பு மூன்றாம் வகுப்பு, அதிலும் பாதி. புகழ்ந்து பேசத்தான் கூப்பிட்டார்கள். புகழ்வேன். ஆனால் எனக்கு அவர் மேல் கோபம். போனவர் மேல் கோபப்படக் கூடாதாமே? அப்படியானால் என் கையில் மைக்கைக் கொடுத்திருக்கக் கூடாது!

ஆவடி தொழிற்சாலையில் முப்பது வருடம் தரப் பரிசோதகராக இருந்தவர் சார். தலைமுடி அளவு கோணல் இருந்தாலும், "இது ஆகாது" என்று இரும்பைத் திருப்பி அனுப்பியவர். மிளகாய் அரைக்க வந்தால் ஹெல்மெட்டைக் கழற்றமாட்டார், தும்மல் வருமாம்! அப்படி 2008-இல் வந்து நின்றபோதுதான் கேட்டார்.

"அய்யாசாமி, நூறு மூட்டை அரிசி ஒண்ணா வந்தா இன்னா பண்ணுவ?"

"நாலு மில்லுக்குப் பிரிச்சுக் குடுப்பேன் சார்."

"அதேதான். வெளிநாட்டுல ஒரு பெரிய ஆன்டெனா கீது. வேற உலகத்துல எவனாச்சும் இருந்து சத்தம் குடுத்தா, அதுல விழும். விழுந்ததெல்லாம் மூட்டை மூட்டையா கெடக்குது. உலகம் பூரா சும்மா கெடக்கற கம்ப்யூட்டருக்கு நெட்ல படி படியா அனுப்பறாங்க. உன் ஊட்லயும் ஒண்ணு மூடித்தானே கெடக்குது?"

கிடந்தது. கட்டிக்கொடுத்த மகள் விட்டுப்போனது. இதைவிட எந்தப் பேராசிரியர் எனக்குப் புரியவைப்பார்? அன்றே சேர்ந்தேன். வேலை ஓடும்போது கணினித் திரையில் வண்ணக் கோடுகள் ஏறி இறங்கும். பிறகு ஆவடி, முகப்பேர் என்று பதினோரு வீடுகள் சேர்ந்தன. என் மனைவி மங்களம் மட்டும், "இன்னாய்யா, எதிர்வூட்டுக்காரன் செத்தானா கீறானான்னு தெரியாது, வானத்துல ஆள் தேடறியா?" என்றாள்.

ஆயுத பூஜைக்கு மில்லில் பதினோரு வீட்டாரும் கூடுவோம். கணினிக்குச் சந்தனம், குங்குமம், பொரி. அவரவர் கணினி எத்தனை மணி நேரம் உழைத்தது என்று அந்தத் திட்டத்தார் தரும் சான்றிதழை அச்செடுத்து, சார் ஒவ்வொருவர் பெயராகக் கூப்பிட்டுக் கொடுப்பார். ஆண்டறிக்கை வாசிப்பது நான். ஒரே வரிதான்: "இந்த ஆண்டும் தேடினோம், கிடைக்கவில்லை." எல்லோரும் கைதட்டுவார்கள். பள்ளிக்கூடம் ஒரு தாள்கூடத் தராத எனக்குப் பதினேழு சான்றிதழ்கள்! சட்டம் போட்டு மில்லில் மாட்டி வைத்திருக்கிறேன். சாமி படத்தில் மாவு படிந்தால்கூட நான் அப்படித் துடைத்ததில்லை.

ஒருமுறை நம் டில்லிபாபு, "மாமே, என் மிஷின்ல கோடு எகிறிச்சு! வந்துட்டானுங்க!" என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டான். சார் அவனை எப்படிக் காய்ச்சினார்! "கெடைக்கலன்னா கெடைக்கலன்னு சொல்லு. அதுல ஒண்ணும் அசிங்கமில்ல. கெடைச்சுதுன்னு பொய் சொன்னா, அதுதான் அசிங்கம்." அப்படிச் சொன்னவர் யார்? இந்த ஹேமநாதன் சார்தான்!

போன வாரம் திவ்யா மில்லுக்கு வந்தாள். சுவரைப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது.

"மாமா, அவங்க 2020 மார்ச்லயே வேலை அனுப்பறத நிறுத்திட்டாங்களே. அப்பா சொல்லலையா?"

சொல்லவில்லை. கடைசி ஐந்து சான்றிதழ்களும் அவரே தயாரித்தவை. திரையில் ஓடிய வண்ணக் கோடுகள்? "சும்மா ஒரு சர்வீஸ்" என்று வீடு வீடாக வந்து அவர் போட்டுவிட்டுப் போன வெறும் படம். ஐயா, தானியம் போடாமல் கல்லை ஓட்டக் கூடாது என்று எந்த மில்காரனுக்கும் தெரியும். ஐந்து வருடம் என்னை வெறுங்கல் ஓட்டவிட்டாரே!

அந்த 2020 ஜூனில் நான் கொரோனா வார்டில் கிடந்தேன். மூச்சு வாங்க வாங்க போனில் கேட்டேன்: "சார், என் மிஷின் ஓடுதா?"

"ஓடுது நைனா. நீ மூச்சை வுடு. அது பாட்டுக்கு ஓடிகினு கீது."

அந்தப் பொய்யை நான் மன்னிக்கிறேன். அதைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து வந்தேன். ஆனால் வந்த பிறகு? அந்தச் சான்றிதழை மாட்ட நான் ஆணி அடிக்கும்போது பக்கத்தில் நின்று, "கொஞ்சம் கோணலா கீது" என்று சரிசெய்தீர்களே சார்! அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? இவன் தாங்கமாட்டான் என்று நினைத்தீர்களா? மூன்றாம் வகுப்புக்குச் சான்றிதழ் மட்டும் போதும், உண்மை வேண்டாம் என்று நினைத்தீர்களா? அடுத்தவன் பொய் என்றால் காய்ச்சுவீர்கள், உங்கள் பொய் என்றால் சட்டம் போட்டு மாட்டுவீர்களா?

அந்த ஐந்தையும் கழற்றிக் கொண்டுவந்திருக்கிறேன். இதோ, உங்கள் படத்தின் காலடியில் வைக்கிறேன். பரிசோதகரே, இது ஆகாது! மற்ற பன்னிரண்டும் என் சுவரில் இருக்கும். அவை நிஜம். அவற்றை வாங்கித் தந்த நீங்களும் நிஜம். அதனால்தான் இத்தனை கோபம்.

வானத்தை ஆராயும் வேறு திட்டங்கள் இன்றும் வீட்டுக் கணினிகளுக்கு வேலை தருகின்றனவாம், திவ்யா சொல்கிறாள். பதினோரு வீடும் சேருவோம். இனி வேலை வருகிறதா என்று எங்கள் கண்ணாலேயே பார்ப்போம். தெரியாவிட்டால் கற்றுக்கொள்வோம். நின்றுபோனால் நின்றுபோனது என்று அன்றைக்கே சொல்வோம். சார் மேல் ஆணை. டில்லிபாபு, தலையாட்டு!

இந்த ஆண்டு ஆயுத பூஜைவரை நான் காத்திருக்கப் போவதில்லை. அறிக்கையை இப்போதே வாசிக்கிறேன். எழுந்து நில்லுங்கள்.

பன்னிரண்டு ஆண்டுகள் தேடினோம், கிடைக்கவில்லை.

ஐந்து ஆண்டுகள் தேடவில்லை.

கைதட்ட வேண்டாம்.