ஆளுக்கொரு பிரதி

– முக்கால் மணி நேரமா உக்காந்திருக்கேன். அந்தப் பச்சைக் கோடு இன்னும் ரெண்டாவது பாட்டைத் தாண்டல. ஆமையா இருந்தா இந்நேரம் முட்டை போட்டுட்டுத் திரும்பி வந்திருக்கும்.

– ஆமையைக் கேவலமா பேசாத, தாயே. போய்ச் சேர்ந்தது அதுதான்.

– நல்லா இருக்கு. எங்க ஆபீஸ்ல கம்ப்யூட்டர் பாக்குறவர் ஒரு சிடியை நாலே நிமிஷத்துல ஏத்திட்டாரு. நடுவுல டீ வேற குடிச்சாரு.

– எம்பி த்ரீயாதானே ஏத்தினாரு? பாட்டைப் பிழிஞ்சு, சாறைக் கீழ ஊத்திட்டு, சக்கையை ஃபைலா வெக்கறதுக்குப் பேருதான் எம்பி த்ரீ. நான் எடுக்கறது ஒரு சொட்டு சிந்தாது. ஒரு துண்டைப் படிக்கும், அதையே திரும்பப் படிக்கும், எல்லாம் ஒத்துப்போனாதான் அடுத்த துண்டுக்கு நகரும்.

– கல்யாணத்துக்கு முன்னாடி இப்படி சரி பாத்திருந்தா நமக்கு இந்த வேலையே வந்திருக்காது.

– அப்ப அவசரம். ஒரே தடவைதான் படிச்சேன்.

– குக்கர் எத்தனை விசில் வந்துச்சுன்னு கேட்டா முழிக்கிற காது. அதுக்கு இவ்வளவு சுத்தம் எதுக்குங்க?

– சரி, ஹெட்போனை மாட்டு. கண்ணை மூடு. இது உங்க ஆபீஸ்காரரோட சக்கை. இப்ப வர்றது என்னோடது. வித்தியாசம் தெரியுதா?

– தெரியுது. ரெண்டாவதுல நீங்க பெருமையா மூச்சு விடறது கேக்குது.

– கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை.

– தெரியாதுதான். அந்தக் கழுதைதான் ஏழு சனிக்கிழமையா இந்த சிடிப் பெட்டியைத் தூக்கிட்டு உங்க மூணு மாடி ஏறுது. வக்கீலம்மா நேத்து போன் பண்ணாங்க. திங்கட்கிழமை ரெண்டு பேரும் வந்து கையெழுத்துப் போட்டா எல்லாம் முடிஞ்சிடுமாம். நாங்க இன்னும் பாட்டைப் பிரிக்கலன்னேன். வாயைப் பொத்திட்டுச் சிரிச்சிருப்பாங்க. கட்டில், பீரோ, ஃப்ரிட்ஜ் எல்லாத்தையும் அரை நாள்ல பிரிச்ச குடும்பம் நாம.

– பாட்டைப் பிரிக்கல. காப்பி எடுக்கறோம். ஆளுக்கொரு பிரதி. எல்லா சிடியும் ஏறினப்புறம்தான் கையெழுத்துன்னு நீயும்தானே தலையாட்டின?

– ஒரு வாரத்து வேலைன்னு நினைச்சு ஆட்டினேன். தள்ளுங்க, நான் பாக்கறேன். இது என்ன, பாட்டுப் பேருக்குப் பக்கத்துல 'வகை'ன்னு ஒரு கட்டம்? மெல்லிசை, வீணைன்னு போட வேண்டிய இடத்துல 'மழையில ஸ்கூட்டர் நின்னது'ன்னு எழுதி வெச்சிருக்கீங்க.

– அதுவும் ஒரு வகைதான்.

– 'மாமனார் முறைச்சது.' 'பேசாத பதினோரு நாள்.' இதெல்லாம் எந்த ராகத்துல வருதுங்க?

– அந்தப் பதினோரு நாளும் கதவைச் சாத்திட்டு நீ போட்ட சிடி. எனக்கு உள்ளேர்ந்து கேட்டது அது ஒண்ணுதான். வேற எந்த வகையில சேக்கச் சொல்ற?

– என் பிரதியிலயும் இது வருமா?

– வரும். ஃபைலோட ஒட்டிக்கிட்டே வரும்.

– நான் அழிச்சுடுவேன்.

– அழிச்சுக்கோ. ஒரு தட்டு தட்டினா போச்சு.

– ஒரு நிமிஷம். செட்டிங்ஸைத் திறந்திருக்கேன், கையைக் கொண்டு வராதீங்க. படிக்கிற வேகம் நாப்பத்தெட்டு வரைக்கும் போகும்னு போட்டிருக்கு. ஐயா ஒண்ணுல வெச்சிருக்கீங்க.

– ஒண்ணுதான் பத்திரம்.

– ரெண்டு தடவை சரி பாத்தா போதும்னு சாஃப்ட்வேரே சொல்லுது. நீங்க எட்டு போட்டிருக்கீங்க.

– கீறல் விழுந்த சிடின்னா அப்படித்தான்.

– இதுலயா கீறல்? இதை வெச்சு முகத்துக்குப் பவுடர் போடலாம், அவ்வளவு பளபளன்னு இருக்கு. பொய் சொல்றதுக்காவது கொஞ்சம் உழைக்கக் கூடாதா? எதுக்கு எட்டு?

– சும்மா.

– சும்மாவா? ஹெட்போனைக் கழட்டிட்டுச் சொல்லுங்க. எதுக்கு எட்டு?

– மொதல் வாரம் ரெண்டுதான் போட்டேன். நீ மதியம் மூணு மணிக்கே கிளம்பிட்ட.

– இதை வாயைத் திறந்து சொல்றதுக்கென்ன? ஏழு வாரமா கம்ப்யூட்டர்கிட்ட மட்டும் சொல்லிட்டிருக்கீங்க.

– சொன்னா நீ சிரிப்ப.

– சிரிப்பேன்தான்.

– அதான். சரி விடு தாயே, கையும் களவுமா மாட்டிக்கிட்டேன். இந்தா, நாப்பத்தெட்டு. சரி பாக்கறது பூஜ்யம். சாயங்காலத்துக்குள்ள பெட்டி காலி. திங்கட்கிழமை சட்டையைத் தேச்சுப் போட்டுட்டு உனக்கு முன்னாடி வந்து நிக்கறேன்.

– இப்ப நான் வேகத்தை மாத்தச் சொன்னேனா?

– ஏழு வாரமா வேற என்ன சொன்ன? பாத்தியா, இது ஏறிடுச்சு. அடுத்ததை எடு.

– இருங்க, நான் எடுத்துத் தரேன். அடியில கையை விடாதீங்க.

– மேலென்ன, அடியென்ன, எல்லாம் நம்மதுதானே? இரு, இது என்ன அட்டை? 'பூனைகளைத் தூங்கவைக்கும் புல்லாங்குழல், பாகம் மூன்று.' நம்ம வீட்டுல பூனையே கிடையாதே.

– யாராவது பரிசா குடுத்திருப்பாங்க.

– பாகம் மூணை மட்டும் எவன் பரிசா குடுப்பான்? இது 'பல் மருத்துவமனைகளுக்கான மெல்லிசை.' இது 'முப்பது நாளில் தட்டச்சு'. இது பாட்டே இல்ல, தாயே. அடியில முழுக்க இதேதான் கிடக்கு. காதுன்னு ஒண்ணு இருக்கிறவன் இதைக் கையால தொடுவானா? யாரோட கண்றாவி ரசனை இது?

– யாரோட ரசனையும் இல்ல. பழைய சாமான் கடைக்காரர் எடை போட்டுத்தான் தருவாரு, பொறுக்கி எடுக்க விடமாட்டாரு. வாரா வாரம் இங்க வர்ற வழியில ரெண்டு கிலோ வாங்கி நான்தான் அடியில போட்டுட்டு வரேன்.