பனிக்கடலில் மணப்பெண் வேஷம்

— நாக்கை உள்ள இழுத்துக்கோங்க, லெப்டினன்ட் விட்லாக். காய்ச்சலும் இல்ல, கபமும் இல்ல. நாலு நாளா கதவைச் சாத்திக்கிட்டுப் படுத்திருக்கீங்க. என்ன வியாதின்னு கப்பல் குறிப்புல எழுதட்டும்?

— மன வேதனைன்னு எழுதுங்க, டாக்டர் ரென்னி.

— அதுக்கு எங்கிட்ட மருந்து கிடையாது. எலுமிச்சைச் சாறு வேணா தர்றேன்.

— சிரிக்காதீங்க. போன பனிக்காலம், பொம்பளையே இல்லாத இந்தக் கப்பல்ல மூணு நாடகம் போட்டோம். மூணுலயும் கதாநாயகி யாரு? நான். மேல்தளத்துல, பாதரசம் உறையற குளிர்ல, தோள் தெரியற கவுன் போட்டுக்கிட்டு ஆடினேன். அறுபது மாலுமிங்க கண்ணீர் விட்டாங்க.

— அந்தக் குளிர்ல யாருக்கும் கண்ணுல தண்ணி வரும், ஐயா.

— இந்த வருஷம் 'கிராமத்து மணப்பெண்'. வேஷம் யாருக்கு? பென்ரோஸுக்கு. அவனும் லெப்டினன்ட்தான், ஆனா என்னைவிட ரெண்டு வருஷம் சின்னவன். அவன் நடையைப் பாத்திருக்கீங்களா? கரையேறின வால்ரஸ் தோத்துப்போகும்.

— அவருக்கு இடுப்பு சின்னதுன்னு கேப்டன் சொன்னார்.

— அது இடுப்பு இல்ல டாக்டர், பட்டினி. ரொட்டியைப் பாதியாக் குறைச்சா எல்லாருக்கும்தான் இடுப்பு வரும்.

— ஐயா, நாம இங்க எதுக்கு வந்தோம்னு ஞாபகம் இருக்கா? அட்லாண்டிக்ல நுழைஞ்சு, வடக்கே பனிக்குள்ள புகுந்து, பசிபிக்ல வெளிய வர ஒரு வழி தேடி. பேண்டு வாசிச்சு வழியனுப்பி வெச்சாங்களே.

— வழி இருந்தா இருந்துட்டுப் போகட்டும், அது எங்கயும் ஓடிடாது. ஊர் திரும்பினதும் கேப்டன் புத்தகம் எழுதுவார். அதுல எங்க ரெண்டு பேர்ல யார் பேருக்கு ஒரு முழுப் பக்கம்? அதான் கேள்வி. நான் கேக்கறது நியாயமா இல்லையா? விருந்து மேஜையில கேப்டன் இப்ப முதல் துண்டுக் கறியை அவன் தட்டுல வைக்கறார். போன வருஷம் அந்தத் துண்டு எனக்கு விழுந்துட்டு இருந்தது.

— கரடிக் கறிதானே. மெல்லவே முடியல.

— மெல்றதைப் பத்தியா பேசறேன்? முதல் துண்டு, டாக்டர்.

— சரி, நான் என்ன செய்யணும்?

— பென்ரோஸுக்குத் தொண்டையில ஏதோ கோளாறுன்னு கேப்டன் காதுல ஒரு வார்த்தை போடுங்க.

— அவர் குரல் புல்லாங்குழல் மாதிரி இருக்கே.

— அதையேதான் சொல்றேன். ஆம்பளைக்கு அப்படி இருந்தா அது நோய் இல்லையா?

— பொய் சொல்ல மாட்டேன். அவசியமும் இல்ல. வேஷம் வேண்டாம்னு பென்ரோஸே விலகிட்டார். கவுன், விசிறி, கயித்து நார்ல பின்னின சடை, எல்லாத்தையும் என் அறையில வெச்சுட்டுப் போனார். 'இது விட்லாக்குக்குன்னே எழுதின வேஷம்'னு சொன்னார்.

— அவனா? அவன் வாயாலயா?

— ஆமா.

— இன்னொரு தரம் சொல்லுங்க.

— 'விட்லாக்குக்குன்னே எழுதின வேஷம்.'

— பாத்தீங்களா. உள்ளுக்குள்ள அவனுக்கே தெரியும். நல்ல பையன் டாக்டர், நான்தான் அவசரப்பட்டுட்டேன். எங்க அவன்? போய்க் கையைக் குலுக்கிட்டு வர்றேன்.

— கப்பல்ல இல்ல.

— இல்லன்னா? சுத்தி எங்க பாத்தாலும் பனி. எங்க போவான்?

— மேற்கே. எட்டு ஆளு, ஒரு பனிச்சறுக்கு வண்டி. வழி இருக்கா இல்லையான்னு பாத்துட்டு வர, ஞாயித்துக்கிழமை விடியறப்பவே கிளம்பிட்டாங்க.

— அதுக்கு மூத்த லெப்டினன்ட்டுதானே போகணும்? நான்தானே போகணும்?

— கேப்டனும் அப்படித்தான் நினைச்சார். சனிக்கிழமை அவரே வந்து உங்க கதவைத் தட்டினார், நான் பக்கத்துலதான் நின்னேன். அவரை வாயைத் திறக்க விட்டாத்தானே. 'எதுவா இருந்தாலும் உங்க மணப்பெண்ணுக்கே குடுங்க'ன்னு உள்ளேருந்து கத்தினீங்க.

— தோழி வேஷம் தர வந்திருக்கார்னு நினைச்சேன்.

— அவரும் நீங்க சொன்னபடியே குடுத்துட்டார்.

— ரெண்டு ஆள் கிடைச்சாப் போதும், டாக்டர். இப்பவே கிளம்பி எட்டிப் பிடிச்சிடுவேன்.

— பிடிச்சு? இன்னிக்கு மத்தியானமே அவங்கள்ல ரெண்டு பேர் சேதியோட திரும்பி வந்தாச்சு. கால்விரல் விறைச்சிருந்தது, நான்தான் கட்டுப் போட்டேன். ஒரு குன்று மேல ஏறிப் பாத்தாங்களாம். அந்தப் பக்கம் கண்ணுக்கெட்டின தூரம் தண்ணியாம், அலையடிக்குதாம்.

— பனிமூட்டமா இருக்கும்.

— இருக்கலாம். ஆனா கேப்டன் அதுக்குள்ள வரைபடத்துல அந்த வழிக்குப் பென்ரோஸ் பேரை எழுதி, மை காய ஊதிக்கிட்டிருக்கார்.

— அப்ப நாடகத்தை நிறுத்திட்டாங்களா?

— நிறுத்துவாங்களா? வியாழக்கிழமை பென்ரோஸ் திரும்பறார். அவரைக் கௌரவிக்கத்தான் இப்ப நாடகமே. முன் வரிசையில நடு நாற்காலி அவருக்கு. மணப்பெண் மேடையேறினதும் முதல்ல அவருக்குத்தான் முழங்காலை மடக்கி வணக்கம் சொல்லணும்னு கேப்டன் உத்தரவு.